ஆர்எம்-ஆ, ஆர்எம்ஐ-யா? ஒரு எழுத்துக் குழப்பமும் அடுக்கு கமாண்ட்களும்... எளிய விளக்கம்!

மொபைலில் எல்லாத்துக்கும் பட்டன் இருக்கு. ஆனால் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் இன்னமும் டெர்மினல் எனப்படும் கருப்புத் திரையில் கமாண்ட் டைப் செய்துதான் பல வேலைகளை முடிக்கிறார்கள். அங்கே ஒரு எழுத்து மாறினாலும் சிக்கல்தான்.

இதற்கு நல்ல உதாரணம் டாக்கர். இதில் ‘இமேஜ்’ என்பது அச்சு மாதிரி. அந்த அச்சிலிருந்து உருவாகி இயங்கும் பிரதிதான் ‘கன்டெய்னர்’. கன்டெய்னரை நீக்க ‘டாக்கர் ஆர்எம்’, இமேஜை நீக்க ‘டாக்கர் ஆர்எம்ஐ’.

என்ன ஆபத்து?

என்ஜின்எக்ஸ் என்ற பெயரில் ஒரு இமேஜும், அதே பெயரில் நிறுத்தி வைத்த ஒரு கன்டெய்னரும் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். இமேஜை அழிக்க நினைத்து கடைசி ‘ஐ’யை விட்டுவிட்டால், போவது கன்டெய்னர். அதற்குள் எழுதி வைத்த தரவும் சேர்ந்தே போய்விடும். இமேஜையாவது திரும்ப டவுன்லோடு செய்யலாம், இதை முடியாது.

2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பில் டாக்கர் இதை மாற்றியது. முதலில் எந்தப் பொருள், பிறகு என்ன செயல் என்று அடுக்கு வந்தது: ‘டாக்கர் கன்டெய்னர் ஆர்எம்’, ‘டாக்கர் இமேஜ் ஆர்எம்’. இப்படி ஒரு கமாண்டுக்குள் இருக்கும் கமாண்டைத்தான் சப்-கமாண்ட் என்கிறார்கள். ‘கிட் ரிமோட் ஆட்’ என்பதும் இதே வகைதான். டைப் அடிக்க நீளம், உண்மைதான். ஆனால் எதை அழிக்கிறோம்னு கையே சொல்லிவிடுகிறது.

பழைய கமாண்ட்களை டாக்கர் தூக்கவில்லை. அவற்றை நம்பி எழுதிய தானியங்கி ஸ்கிரிப்ட்கள் ஒரே நாளில் நின்றுவிடும் என்பதால் இது சரியான முடிவு.

நாமே உருவாக்குவது எப்படி?

பைத்தான் தெரிந்தால் போதும். 2.7 பதிப்பிலிருந்து அதனுடனேயே வரும் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் ‘சப்பார்சர்’ வசதி இருக்கிறது. ‘இமேஜ்’ என்று ஒரு சப்பார்சர், அதற்குள் ‘ஆர்எம்’ என்று இன்னொன்று. அவ்வளவுதான் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹெல்ப் பக்கமும் தானாகவே வந்துவிடும்.

புதியவர்கள் மாட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, எந்த சப்-கமாண்ட் என்பதைச் சேமிக்கும் ‘டெஸ்ட்’ பெயர். மேல் அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் ஒரே பெயர் வைத்தால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதை அழித்து எழுதிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, அதனால் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

இன்னொன்று, பைத்தான் 3-இல் சப்-கமாண்ட் கட்டாயமில்லை. பயனர் ‘இமேஜ்’ என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் ஆர்க்பார்ஸ் கண்டுகொள்ளாது. 3.7 பதிப்பிலிருந்து ‘ரெக்வயர்டு’ என்பதை ட்ரூ என்று கொடுக்கலாம். ஒவ்வொரு அடுக்கிலும் தனித்தனியாகக் கொடுக்கணும், மேலே மட்டும் கொடுத்தால் போதாது.

எத்தனை அடுக்கு வரை போகலாம்? விதி எதுவும் கிடையாது. இரண்டுக்கு மேல் போனால் பயனர்கள் ஹெல்ப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான்!