வாக்களியாமையின் வரலாறு

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர், ஜிந்துப்பிட்டியில் எமது வீட்டுக்கு அண்மையிலுள்ள தேநீர்க் கடையொன்றில், மூட்டை சுமந்து பிழைக்கும் முதியவர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. வாக்காளர் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே அவர் சொன்னார்: "யானைக்கும் போட்டோம், கைக்கும் போட்டோம். முதுகில இருந்த மூட்டை எறங்கினதா, மாஸ்டர்? இந்த முறை நான் போறதா இல்ல."

வாக்களிப்பது குடிமகனின் கடமை என்று வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் அவ்விடத்தில் எமது நாவில் எழவில்லை. அவரது சலிப்பு சோம்பலின் விளைவன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. வாக்களிக்க மறுத்தலுக்கும் இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சலிப்பின் வரலாற்றைப் பார்ப்போம். 1946இல் ஐக்கிய தேசியக் கட்சியும், 1951இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் தோன்றின. அதன் பின்னர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இவ்விரு கட்சிகளும் அவற்றைச் சூழ்ந்த கூட்டுக்களுமே மாறிமாறி ஆண்டன. 1956 தேர்தலின்போது இரண்டுமே சிங்களம் மட்டும் என்ற கொள்கையோடு களமிறங்கின. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஐ.தே.க. சார்பில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கா அதே செல்வநாயகத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தபோது, எதிர்ப்புக் குரல் எழுப்பும் முறை சுதந்திரக் கட்சியினுடையதாயிற்று. அரசாங்கத்தில் இருப்பவர் கொடுக்க முன்வருவதை எதிர்க்கட்சியில் இருப்பவர் தடுப்பார். ஆசனங்கள் மாறியதும் வேடங்களும் மாறும். நாடகம் ஒன்றே. மொழிச் சமத்துவத்துக்காக ஒருகாலத்தில் துணிந்து நின்ற இடதுசாரிகளின் பெரும்பகுதியினரும் 1964இலிருந்து இந்நாடகத்தில் பங்கேற்கலாயினர் என்பதை நாம் வேதனையோடு ஒப்புக்கொள்ளவே வேண்டும். இத்தனையையும் கண்ட ஒருவர் "எவன் வந்தாலென்ன?" என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆயினும், கேள்வி நியாயமானது என்பதனால் விடையும் சரியாகிவிடாது. வாக்களியாமை என்ற விடையை இந்நாடு முன்னரும் கண்டுள்ளது.

அவற்றுட் புகழ்பெற்றது 1931ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த பகிஷ்கரிப்பாகும். டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசின் வழியாக, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும், சொத்தோ கல்வித் தகைமையோ கேளாது, வாக்குரிமை கிடைத்த தேர்தல் அது. ஆசியாவில் வேறெந்தக் குடியேற்ற நாடும் அன்று அந்நிலையை எய்தியிருக்கவில்லை. ஆனால் டொனமூர் திட்டம் பூரண சுயராஜ்யத்தை வழங்கவில்லை; அதிகாரத்தின் கடிவாளம் தேசாதிபதியின் கையிலேயே இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, 1927இல் காந்தியடிகளை இலங்கைக்கு அழைத்து, தீண்டாமையையும் வகுப்புவாதத்தையும் ஒருங்கே எதிர்த்துநின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், அரைகுறைச் சீர்திருத்தத்தை ஏற்பதில்லை என முடிவு செய்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்களின் குரலுக்கு அஞ்சியோ, மதிப்பளித்தோ, அரசாங்க சபையில் இடம்பெற விரும்பிய பிரமுகர்களும் பின்வாங்கினர். 1931 மே மாதம் நியமனப் பத்திரம் ஏற்கும் நாளன்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் முன்வரவில்லை. தென்னிலங்கை முற்போக்காளர் சிலரும் அச்செயலை வியந்து போற்றினர்.

அதன் நோக்கத்தின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் விளைவு யாது? தென்னிலங்கை தொடர்ந்து வரும் என்ற எதிர்பார்ப்புப் பொய்த்தது. சபை கூடியது, அமைச்சர்கள் பதவியேற்றனர், அலுவல்கள் நடந்தன. யாழ்ப்பாணத்தின் நாற்காலிகள் மட்டும் வெறுமையாய்க் கிடந்தன. பகிஷ்கரித்தவர்களிடம் மறுநாளைக்குரிய வேலைத்திட்டம் இருக்கவில்லை. 1934இல் அவ்விடங்கள் நிரப்பப்பட்டபோது மேடையைக் கைப்பற்றியது வாலிபர் காங்கிரஸின் இலட்சியமன்று. இனவாரிப் பிரதிநிதித்துவத்தின் கணக்கே. பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபை புகுந்தார். 1936இல் தமிழர் ஒருவரேனும் இல்லாத அமைச்சர் சபை அமைந்தது. ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோஷம் ஓங்கியது. வகுப்புவாதத்தை ஒழிக்க எழுந்தவர்கள் காலியாக விட்டுச்சென்ற களத்தில் வகுப்புவாதமே குடியேறிற்று.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. அவ்வாண்டில் முதன்முறையாக வாக்குரிமை பெற்றவர்கள் யார்? யாழ்ப்பாணத்துப் பெண்கள், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள், நிலமற்ற கூலிகள். படித்த இளைஞர் எடுத்த முடிவினால், அவர்கள் தம் கைக்கு வந்த உரிமையை ஒருமுறையேனும் பயன்படுத்திப் பார்க்குமுன்னரே அதனைத் துறந்தவர்களாயினர். துறக்கலாமா என்று அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

பிற்காலத்துப் பகிஷ்கரிப்புகளோ இலட்சியத்தின் ஒளியைக் காட்டிலும் அச்சத்தின் இருளையே மிகுதியாகக் கொண்டவை. 1988 டிசெம்பர் ஜனாதிபதித் தேர்தலை மக்கள் விடுதலை முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. வாக்களிப்போர் உயிரிழக்க நேரிடும் என்ற அச்சம் தெற்கின் பல கிராமங்களை வீட்டுக்குள்ளேயே முடக்கியது. நாடு முழுவதிலும் வாக்களித்தோர் 55 வீதத்தினரே. 2005 நவம்பர் 17ஆம் திகதி வடக்கின் முறை வந்தது. மஹிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் போட்டியிட்ட அத்தேர்தலில், இருவரிலும் தமிழருக்கு அக்கறையில்லை என விடுதலைப் புலிகள் அறிவித்தனர். யாழ் மாவட்டத்தில் 7 இலட்சம் அளவிலான வாக்காளர் பதிவாகியிருந்தும் வாக்களித்தோர் 1.21 வீதமே. நாடளாவிய வெற்றி வித்தியாசமோ ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகள். மறுபக்கத்தவர் வென்றிருந்தால் யுத்தம் வந்திராது என்று நாம் சாதிக்க வரவில்லை. வரலாறு அத்தகைய ஊகங்களுக்கு விடையளிப்பதில்லை. ஆனால், "இருவரும் ஒன்றே" என்று கூறி ஒதுங்கியமை நடுநிலையாய் அமையவில்லை. அது ஒரு பக்கத்தைத் தெரிவு செய்ததாகவே முடிந்தது. அத்தெரிவையும் மக்கள் தாமாகச் செய்யவில்லை.

இனி, எமது ஜிந்துப்பிட்டிக்கே திரும்புவோம். 1947 தேர்தலில் இப்பகுதியை உள்ளடக்கிய கொழும்பு மத்திய தொகுதி மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்தது: பீற்றர் கெனமன், ஏ. ஈ. குணசிங்கா, ரீ. பி. ஜாயா. ஒரு கம்யூனிஸ்ட், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு முஸ்லிம் கல்விமான். துறைமுகத்திலும் கிட்டங்கிகளிலும் வியர்வை சிந்திய மக்களின் புள்ளடிக்கு அன்று இருந்த வலிமை அது. மலையகத்திலும் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளை அனுப்பினர். நுவரெலியாவிலிருந்து தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து கவிஞர் ஸீ. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றனர்.

அந்த வலிமையே ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளியினரின் பெயர்களை இடாப்பிலிருந்து துடைத்தெறிந்தன. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் நாடற்றோராய்க் கணக்கிடப்பட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பின்னர் என்று சரக்கைப்போற் பங்கிடப்பட்டனர். நாடற்ற நிலையை நீக்கும் இறுதிச் சட்டங்களுள் ஒன்று 2003இலேயே நிறைவேறியது. வாக்குப் பயனற்றதாயின் அதனைப் பறிப்பதற்கு இத்தனை சட்டங்கள் எதற்கு? ஏழையின் வாக்குக்கு விலை உண்டென்பதை ஏழையைவிட அவனை ஆள்பவன் நன்கறிவான்.

ஆகவே, வாக்களியாமை எக்காலத்தும் தவறென்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அது ஓர் ஆயுதமாக வேண்டுமாயின் அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும்: தெளிவான கோரிக்கை, மக்களின் ஸ்தாபனம், அச்சமற்ற சுயவிருப்பு, மறுநாளைக்குரிய வேலைத்திட்டம். 1931இல் நான்காவது இல்லை. 1988இலும் 2005இலும் மூன்றாவது இல்லை. தனியொருவர் மனம் கசந்து வீட்டில் இருந்துவிடுவதிலோ நான்கில் ஒன்றுமே இல்லை. அவரது மௌனத்தை எவரும் கண்டனமாக எண்ணுவதில்லை. வராதோர் தொகையில் அது ஓர் எண்ணிக்கை, அவ்வளவே.

இரு கட்சிகளே என்றென்றும் ஆளும் என்ற நம்பிக்கையின்மையும் தகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் ஓரிடமே மிஞ்சியது. 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம் பெற்று, இந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு வெற்றி பெற்றார். ஒருகாலத்தில் வாக்களிப்போரை அச்சுறுத்திய இயக்கமே ஈற்றில் வாக்கின் வழியாக ஆட்சிக்கு வந்தது. புதியவர்கள் நல்லாட்சி தருவார்களா என்பது வேறு கேள்வி. அவர்களையும் மக்கள் விழிப்போடு கண்காணிக்கவே வேண்டும். பழைய இரட்டைக் கதவைத் திறந்தது புள்ளடியே என்பது மட்டும் உறுதி.

அம்முதியவரை மறுபடியும் சந்தித்தபோது, தம் தந்தையார் துறைமுகத்தில் நாற்பது ஆண்டு உழைத்தும் ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை என்றார். "அவங்களுக்கு அட்டையே வரல்ல, மாஸ்டர்" என்றார். தேர்தலன்று அவர் சென்றாரா என்று நாம் கேட்கவில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் அந்த அட்டை அவரது சட்டைப் பைக்கு வந்துசேர அரை நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அதனைக் கிழிப்பதானாலும் போடுவதானாலும் தனியே செய்யாது, பக்கத்து வீட்டாரையும் உடன் உழைப்போரையும் கூட்டிப் பேசி முடிவெடுப்போமாக. முதுகிலுள்ள மூட்டையை ஒரு நாட் புள்ளடி மட்டும் இறக்கிவிடாது. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில் நாம் ஒன்றுபட்டுச் செய்யும் வேலையே அதனை இறக்கும்.