சத்தம் வேறு, பவர் வேறு: திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை

பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வண்டிச் சத்தம் புதிதில்லை. ஆனால் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய குழாயை மாட்டிய புல்லட் போகும்போது வருவது வேறு ரகம். அப்படி மாட்டிய பசங்களிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கம்பெனி சைலன்சர் எஞ்சினை அடைச்சு வெச்சிருக்கு சார். இதைப் போட்டா பவர் ஏறும்."

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு உண்மை? இதைத் தேடிப் போனால் பதிலில் பாதி சென்னையின் தொழில் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் நம்பிக்கையின் ஊற்று. அது ரேஸ் மைதானம். 1950-களின் பிரிட்டிஷ் ரேஸ் பைக்குகளில் சைலன்சர் கிடையாது, ஒலிபெருக்கி மாதிரி விரிந்த ஒரு குழாய்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. வேகமாகப் போன வண்டி எல்லாம் சத்தமாகப் போனது. பார்த்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்: சத்தம் இருந்தால் வேகம்.

ஆனால் அந்தக் குழாய் விரிந்திருந்தது சத்தத்துக்காக இல்லை. எக்ஸாஸ்ட் வால்வ் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை இழுத்துப் போட்டுப் புதுக் கலவைக்கு இடம் விடுகிறது. நீளமும் விரிவும்தான் விஷயம். சத்தம் வெறும் உபரி.

இதைத் தெளிவாகக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். சோபாவ் நகரில் இருந்த எம்.இசட். தொழிற்சாலையின் ரேஸ் பிரிவை நடத்திய எஞ்சினியர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவையில் கொஞ்சம் எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியாக ஓடிவிடும். காடன் குழாயை முதலில் விரித்து, பிறகு குறுக்கினார். விரியும் பகுதி உறிஞ்சுகிறது. குறுகும் பகுதியில் பட்டுத் திரும்பும் அலை, ஓடிப்போன கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இந்த யோசனை அவருக்கு முன்னாலும் இருந்ததுதான். ஆனால் ஆசிலோஸ்கோப் வைத்து அளந்து, போர்ட்டையும் குழாயையும் ஒன்றுக்கொன்று பொருத்தியது அவருடைய சாதனை. 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் சுமார் 25 எச்.பி. கொடுத்தது. லிட்டருக்கு 200 எச்.பி.!

அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸுக்குப் போன எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. தொழில்நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. அதே சுசுகி, டி.வி.எஸ். குழுமத்தோடு கைகோத்து 1984-ல் ஓசூரிலிருந்து 100 சி.சி. இண்ட்-சுசுகியை இறக்கியது. அடுத்த வருஷம் வடக்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்தது. 98 சி.சி.யில் 11 எச்.பி., அதாவது லிட்டருக்கு 112.

இங்கே கவனிக்க வேண்டியது இது: காடனின் குழாயில் வேலை நடப்பதெல்லாம் விரியும், குறுகும் பகுதிகளில். சத்தத்தைக் குறைக்கும் சாதனம் அதற்குப் பின்னால், வாலில் வருகிறது. இரண்டும் தனித்தனி வேலை. பவர் தரும் பகுதியை வைத்துக்கொண்டே சத்தத்தைக் குறைக்கலாம். பவர் தரும் பகுதியை வெட்டிவிட்டால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, நம் ஊர் ஃபோர்-ஸ்ட்ரோக் கதைக்கு வருவோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான 350 சி.சி. புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின், பெரிய மாற்றம் இல்லாமல் இந்த நூற்றாண்டு வரை ஓடியது. 346 சி.சி., 5,625 ஆர்.பி.எம்.மில் 18 எச்.பி. லிட்டருக்குக் கணக்கிட்டால் 52. ஆர்.எக்ஸ். 100-இல் பாதிகூட இல்லை!

இந்த 52-க்குக் காரணம் சைலன்சர் இல்லை. கம்ப்ரெஷன் 6.5-க்கு 1. அன்றைய பெட்ரோலுக்கு அதுதான் தாங்கும். சிலிண்டருக்கு இரண்டே வால்வ், அவற்றைத் தள்ள நீளமான கம்பிகள். அதிக ஆர்.பி.எம்.மில் எஞ்சினால் மூச்சு வாங்க முடியாது. வாய் சின்னதாக இருக்கும்போது பின்கதவை அகலமாகத் திறந்து என்ன பயன்?

திருவொற்றியூரில் தொடங்கிய கம்பெனி 2013-ல் நம் பக்கம் வந்தது. தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் ரோட்டில் முடிச்சூர், படப்பை தாண்டினால் ஒரகடம் தொழிற்சாலை. எஞ்சினும் படிப்படியாக மாறியது. 2009-ல் வந்த கிளாசிக் 350-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பு, கம்ப்ரெஷன் 8.5, பவர் 19.8 எச்.பி. 2020-ல் வந்த மீட்டியார் 350-இல் கம்ப்ரெஷன் 9.5, பவர் 20.2. இரண்டே எச்.பி.தான் ஏறியது என்று தோன்றும். ஆனால் புகைக் கட்டுப்பாடு இடையில் பல மடங்கு இறுகியிருந்தது. 2023-இன் புது ஹிமாலயன் 452 சி.சி. கம்ப்ரெஷன் 11.5, நாலு வால்வ், தலைக்கு மேல் இரண்டு கேம், ரேடியேட்டர். 8,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 40 எச்.பி. லிட்டருக்கு 88.

கம்ப்ரெஷனை மட்டும் 6.5-இலிருந்து 11.5-க்கு ஏற்றினால், பாடப்புத்தக ஆட்டோ சைக்கிள் சூத்திரப்படி அதே பெட்ரோலில் சுமார் 18 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கும். மீதி லாபம் பெரும்பாலும் மூச்சு வாங்குவதிலிருந்து வருவது.

இப்போது சத்தத்தைப் பார்ப்போம். 2003 ஜனவரி 1 முதல் 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல்தான் வரம்பு. புல்லட் குடும்பத்தில் லிட்டருக்கு 52 எச்.பி.யாக இருந்தது 88 ஆனது முழுக்க அந்த வரம்புக்குள்தான். சத்தம் இல்லாமல் பவர் ஏற்ற முடியுமா என்ற கேள்விக்கு ஒரகடம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

ஒரு சின்ன கணக்கும் போட்டுப் பார்த்தேன். குழாயிலிருந்து 1 மீட்டர் தள்ளி 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம், காதே வலிக்கும் அளவு. அந்தச் சத்தம் எல்லாத் திசையிலும் பரவினாலும் மொத்த ஒலி ஆற்றல் சுமார் 1.3 வாட். 18 எச்.பி. என்பது 13,400 வாட். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! தெருவையே எழுப்பும் அந்தச் சத்தத்தில் ஒரு சாதாரண வீட்டு எல்.இ.டி. பல்பு எரிக்கும் அளவுக்குக்கூட சக்தி கிடையாது.

"அப்போ சைலன்சர் தடையே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நல்ல சைலன்சர் புகையை அடைப்பதில்லை. அறை அறையாக விரியவிட்டு அலையை அடக்குகிறது. சாதாரண ரோட்டு வண்டியில் அதைக் கழற்றினால் உச்ச ஆர்.பி.எம்.மில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம். ஆனால் ஊருக்குள் ஓட்டும் நடு ஆர்.பி.எம்.மில் அலைக்கணக்கு தவறிப் பெரும்பாலும் இழுவை குறையும். கார்புரேட்டர் வண்டியில் கலவையும் மெலிந்து எஞ்சின் சூடாகும். பி.எஸ். 6 வண்டியில் எக்ஸாஸ்ட் முழுசையும் மாற்றுபவர்கள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறார்கள். பவர் ஏறிய மாதிரி தோன்றுவது காது சொல்லும் கதை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிக்கப் வேண்டும் என்கிற ஆசையில் தப்பில்லை. அதற்குச் சத்தமில்லாத வழிகள் உண்டு. சுத்தமான ஏர் ஃபில்டர், நல்ல பிளக், சரியான செயின் இறுக்கம், டயர் காற்று. பழைய புல்லட் என்றால் டேப்பட் இடைவெளியும் பாயின்ட் டைமிங்கும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலே பிக்கப் கூடும், டாப் ஸ்பீட் கொஞ்சம் குறையும். குழாய்க்குச் செலவு செய்வதைவிட இதெல்லாம் மலிவு. குழாய்க்கு அபராதமும் உண்டு: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதச் சிறைகூட விதிக்கலாம்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தூளியில் தூங்கும் குழந்தையும் நைட் ஷிஃப்ட் முடிந்து படுத்தவரும் அந்த 1.3 வாட்டுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஓட்டுபவருக்கோ அதில் ஒரு எச்.பி.கூட லாபம் இல்லை.