துளைக்குள் எவ்வளவு பிழை இருக்கலாம்?

பொறியியல் வரலாற்றைத் துல்லியத்தின் வளர்ச்சியாகச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. போல்ட் துளையின் வரலாறு அந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. எவ்வளவு பிழையை ஏற்கலாம், அந்த ஏற்பை எழுத்தில் எப்படிச் சொல்வது என்னும் கேள்வியின் வரலாறு அது. கிராஷ் பேரியர் என்று நாம் அழைக்கும் நெடுஞ்சாலை எஃகுத் தடுப்பை வைத்து இதைப் பேச விரும்புகிறேன். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புத் தகடுகளை ரிவெட் கொண்டு இணைத்தவர்கள், இரண்டு தகட்டுத் துளைகளும் நேர்ப்படாதபோது கூம்பு வடிவ ஆணியொன்றை அடித்து இறக்குவார்கள். துளைகள் நெருங்கிவரும், விளிம்பில் இரும்பு நசுங்கும், சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். வேல்ஸின் கான்வே பாலத்திற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1847-இல் உருவாக்கிய துளையிடும் இயந்திரம் இதற்கு ஒரு விடையாக வந்தது. நெசவுத் தறியின் ஜக்கார்டு முறையைக் கொண்டு துளைகளின் இடத்தைக் கட்டுப்படுத்திய இயந்திரம் அது. பூவேலைப்பாட்டை நெய்யும் உத்தி பாலத்தின் துளைகளை வரிசைப்படுத்தியது என்பது தொழில்நுட்ப வரலாற்றின் அழகான குறுக்குச்சாலை. ஆனால், துளை இடம் பிசகினால் எவ்வளவு பிசகு வரை போகட்டும் என்று விடலாம்? இயந்திரம் அதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேண்டியது வரைபடம். வரைபட மரபு ஒவ்வொரு துளையின் மையத்திற்கும் கிடைத்திசையில் இவ்வளவு, நெடுந்திசையில் இவ்வளவு என்று கூட்டல் கழித்தல் எல்லை குறித்தது. இரு திசைகளிலும் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏற்கத்தக்க பரப்பு 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமாகிறது. அதன் மூலையில் விழுந்த துளை சரியான இடத்திலிருந்து சுமார் 0.14 மி.மீ. விலகியிருந்தும் தேறிவிடும்; பக்கவாட்டில் 0.12 மி.மீ. மட்டுமே விலகிய துளை கழிக்கப்படும். போல்ட்டுக்குத் திசை தெரியாது. அது உருண்டையானது, மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதே அதற்குப் பொருட்டு.

இந்த முரணைத் தெளிவாகக் கண்டவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியா ஊரில், முன்பு ஆர்கைல் மோட்டார் கார்கள் உருவான கட்டடத்தில் இயங்கிய டார்பீடோ தொழிற்சாலையைச் சேர்ந்தவர். சோதனையில் கழிக்கப்பட்ட உறுப்புகள் பிசிறின்றிப் பொருந்துவதைக் கண்டு, 1938 அளவில், சதுரத்திற்குப் பதிலாக அதன் மூலைகளைத் தொடும் வட்டத்தை முன்வைத்தார். அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 விழுக்காடு அதிகம். தரம் குறையவில்லை, நல்ல உறுப்புகள் குப்பைக்குப் போவது மட்டும் குறைந்தது. போர்க்காலத் தொழிற்சாலைக்கு இது சிறிய விஷயமன்று. பின்னர் அமெரிக்காவின் ஒய்14.5 தரம் உள்ளிட்ட வரைபட நெறிகள் இக்கருத்தை ஏற்றன. குறுக்குக் கோடுகள் வெட்டும் சிறு வட்டம், துளையின் இடத்தைக் குறிக்கும் அடையாளமாக இன்றும் வரைபடங்களில் நிற்கிறது.

மொழியியல் படித்ததன் பழக்கத்தில் ஓர் இடைக்குறிப்பு. டாலரன்ஸ் என்னும் சொல்லின் இலத்தீன் வேருக்குத் தாங்குதல் என்று பொருள். தமிழில் ‘பொறுதி’ என்று ஆள்வதுண்டு, நல்ல சொல். ஆயினும் ‘பொருத்து’ என்பதோடு இதைக் குழப்பிவிடக் கூடாது: ஒன்றில் இடையின ரகரம், மற்றதில் வல்லின றகரம். பொருத்துவதற்குப் பொறுக்க வேண்டும் என்று சொன்னால் சிலேடை போலத் தோன்றும், ஆனால் பட்டறையில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை.

இனிச் சாலையோரம். உலகெங்கும் பரவிய ‘டபிள்யூ’ வடிவத் தடுப்பின் அமெரிக்க வடிவத்தில் 16 மி.மீ. போல்ட் பயன்படுகிறது. இரண்டு தகடுகள் சேருமிடத்தில் எட்டு போல்ட்டுகள். அவற்றின் துளைகள் ஏறத்தாழ 23-க்கு 29 மி.மீ. அளவுள்ளவை. தகட்டைக் கம்பத்தோடு பிணைக்கும் இடத்திலோ 19-க்கு 64 மி.மீ. நீள்துளை. ஒரு தகடு ஏறக்குறைய 3.8 மீட்டர், வெப்பநிலை 40 பாகை மாறினால் அதன் நீளம் இரண்டு மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மாறும். வளைவில் கம்பங்களைச் சரியான இடைவெளியில் அடித்து இறக்குவதும் அரிது. துத்தநாகப் பூச்சும் துளையில் கொஞ்சம் இடம் பிடிக்கும். இவை அனைத்துக்குமான பொறுதியைத் தகட்டிலேயே வைத்துவிட்டார்கள். அது போதாத களத்தில் கேஸ் கட்டரால் துளையைப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு. துத்தநாகம் எரிந்துபோன விளிம்பிலிருந்து துரு தொடங்குகிறது.

அந்த நீள்துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாகனம் மோதும்போது கம்பம் மண்ணில் பின்சாய்கிறது. தகடு அதோடு ஒட்டியே இருந்தால் அதுவும் கீழே இழுபடும். சக்கரம் அதன்மேல் ஏறி, வாகனம் தாண்டிவிடும். எனவே தகடுகளை இணைக்கும் எட்டு போல்ட்டுகள் விடவே கூடாது; கம்பத்து போல்ட்டின் தலையோ உரிய தருணத்தில் துளை வழியே பிதுங்கி வெளியேறித் தகட்டை விடுவிக்க வேண்டும். முன்பு இந்தத் தலையின் கீழ் ஒரு செவ்வக வாஷர் இடுவார்கள். பார்வைக்கு அது இணைப்பை உறுதிப்படுத்தியது. தகடு கழன்றுகொள்வதை அது தடுக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை நீக்கச் சொன்னார்கள்.