பன்னிரண்டு ஸ்தானங்களும் ஓர் எல்லைக்கோடும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் அமைந்த ஊர் வெள்ளறடை. அதனை அடுத்த பனச்சமூட்டில் கேரளமும் தமிழகமும் ஒட்டி நிற்கக் காண்கிறோம். எல்லைக்கோடு இவ்விடத்தில் விழுந்தது எவ்வாறு? அதனை அறிய, 1954-ஆம் ஆண்டுத் தேர்தலை நாம் நினைவுகூர்தல் வேண்டும்.

அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்தது. அதன் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைத்தல் வேண்டும் என்பது, நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை. நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையுள் அடங்கியிருந்தது. 1951-52 தேர்தலில் அக்கட்சி பெற்றவை 108-இல் 8 ஸ்தானங்களே. ஆயினும் எக்கட்சிக்கும் பெரும்பான்மையில்லாத சபையில் அந்த எட்டே தராசு முள்ளாயிற்று. 1953-இல் அதன் ஆதரவு நீங்கவே, ஏ. ஜே. ஜான் மந்திரிசபை வீழ்ந்தது.

1954 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல். 117 ஸ்தானங்களில் காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12. பத்தொன்பது பேரின் தலைவரான பட்டம் தாணுப் பிள்ளை, காங்கிரஸ் ஆதரவுடன் முதலமைச்சரானார். பன்னிருவரின் கோரிக்கையோ சபையில் ஈடேறவில்லை. போராட்டம் வீதிக்கு வந்தது. ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை விலகவேண்டுமென பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே வற்புறுத்தினார். 1955 பிப்ரவரியில் அது கவிழ்ந்தது.

அவ்வாண்டே இராஜ்யச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழகத்தில் சேர்க்க அது பரிந்துரைத்தது. முதல் நான்கும் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையில் மலையாளிகளே பெரும்பான்மையினர். ஆகவே அது கேரளத்தில் நின்றது.

தேர்தல் கோரிக்கையின் வலிமையைக் காட்டிற்று. கோட்டை வரைந்ததோ தாலுகாவாரியான மொழிக் கணக்கு. தாலுகாவை முழுதாக எண்ணும்போது, அதனுள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிறுபான்மையாகவே கணக்கில் நின்றன. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பிழைப்பை நாடி எல்லையைக் கடந்தவர்கள். இவர்களோ இருந்த இடத்தைவிட்டு அசையாமலே எல்லைக்கு அப்பாலானவர்கள். கோடு எங்கே விழுந்தாலும் இருபுறமும் சிலர் எஞ்சவே செய்வர். இதனை உணர்ந்தே, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்கும் வசதியைச் செய்தல்வேண்டும் என்னும் விதி 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிலத்தைப் பிரித்தபோது மொழிக்கு அளித்த அந்த வாக்கு, வெள்ளறடைக்கும் உரியது. நேயர்கள் வாழும் ஊருக்கும் உரியது.