கரையானும் ஏடும்

தில்லைக் கோயிலில் பூட்டிய அறையொன்றில் மூவர் தேவார ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எண்ணெய் வார்த்து எஞ்சியவற்றை மீட்டதையும், உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கோர் ஐயம் எழும்: பூட்டிக் காத்த ஏடுகள் ஏன் அழிந்தன?

வெப்பவியலில் ஒரு விடை உண்டு. அடைபட்ட அமைப்பில் ஒழுங்குக்குலைவின் அளவான என்ட்ரோபி குறைவதில்லை. பொருளும் ஆற்றலும் வந்துபோகும் திறந்த அமைப்பிலோ ஒழுங்கு தானாகவே தோன்றக் கூடும். இதை ஆராய்ந்த பிரிகோஜின் 1977இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கரையான் புற்றே இதற்குச் சான்று. அங்கே தலைமைக் கொத்தனும் இல்லை, வரைபடமும் இல்லை. ஒரு கரையான் இட்ட மண்ணுருண்டை அடுத்ததையும் அங்கேயே மண்ணிடத் தூண்டுகிறது என்று 1959இல் கிராசே விளக்கினார். தில்லை அறை படிப்போருக்கு மட்டுமே பூட்டியிருந்தது. கரையானுக்குத் திறந்தே கிடந்தது. ஏட்டின் ஒழுங்கைத் தின்று புற்றின் ஒழுங்கு எழுந்தது.

பனையோலையும் பிரதியெடுக்கும் கைகளால்தான் வாழ்ந்தது. பண்களோ ஏட்டிலிருந்து கிடைக்கவில்லை. இன்றைய கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்து அவை பெறப்பட்டதாக அதே புராணம் கூறுகிறது. அப்பெண்ணிடம் பூட்டிய அறை இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த குரல் இருந்தது.

நம் வீட்டுப் பரண்களில் இன்றும் ஏடுகள் கிடக்கின்றன. படிப்பவர் வராவிட்டால் கரையான் வரும்.