தத்துப் பிள்ளையும் பிறப்புச் சான்றும்: இங்கிலாந்துப் பதிவேடுகள் கூறும் வரலாறு

சீவக சிந்தாமணியின் தலைவன் பிறந்த இடம் சுடுகாடு. கணவனை இழந்த அரசி விசயை, அரச மோதிரத்தை மகவுக்கு அணிவித்துவிட்டு மறைந்து நின்றாள். இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அம்மகவை எடுத்துச் சென்று தன் மகனாகவே வளர்த்தான். ஆசிரியர் அச்சணந்தி எடுத்துரைத்த பின்னரே சீவகன் தன் பிறப்பை அறிந்தான். திருத்தக்கதேவர் காட்டும் அம்மோதிரத்தை இக்காலச் சொல்லால் பிறப்புச் சான்று எனலாம். காப்பியத்தில் அது குழந்தையோடு சென்றது. இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தத்துச் சென்ற குழந்தைகளுக்குரிய அத்தகைய சான்று அரசு அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 சூலை முதல் நாள் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது. தத்தெடுப்பைச் சட்டம் ஏற்றுக்கொள்ள அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அதுவரை பிள்ளையை வளர்க்கக் கொடுத்தலும் எடுத்தலும் தனியார் ஏற்பாடுகளாகவே நிகழ்ந்தன. வளர்த்தவரின் பெயரைப் பிள்ளை பூண்டுகொள்ளும். ஆவணம் எதுவும் எழாது. அக்காலத்து மூதாதையர் ஒருவரின் தத்துப் பத்திரத்தை நாடி ஆண்டுக்கணக்கில் அலைவோர் இன்றும் உளர். இல்லாத ஒன்றைத் தேடுகிறோம் என்பதை அவர்களுக்கு யாரேனும் முன்னரே சொல்லியிருக்கலாம்.

1926ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் 1927 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் தத்துச் சென்ற ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பதிவுகள் அமைந்தன. பெற்றவளின் பெயர் தாங்கிய பழைய பிறப்புப் பதிவு அழிக்கப்படவில்லை; அதன் ஓரத்தில் 'தத்துச் சென்றது' என்னும் பொருள்படும் ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டது. தத்துப் பிள்ளைகளுக்கெனத் தனியே திறக்கப்பட்ட பதிவேட்டில் புதுப்பெயரும், வளர்ப்போர் பெயரும், ஆணையிட்ட நீதிமன்றமும், ஆணையின் நாளும் இடம்பெற்றன. இவ்விரு பதிவுகளின் அட்டவணைகளும் பொதுமக்கள் பார்வைக்கு உரியவையே. பழைய பெயர் தெரிந்தவர் பழைய பதிவின் படியையும், புதுப்பெயர் தெரிந்தவர் புதுப்பதிவின் படியையும் கட்டணம் செலுத்திப் பெறலாம். இன்ன பழைய பெயரே இன்ன புதுப்பெயர் ஆயிற்று என்று காட்டும் இணைப்புக் குறிப்பு மட்டும் தலைமைப் பதிவாளரின் தனிக்காவலில் இருந்தது. நீதிமன்ற ஆணையின்றி அதனை எவரும் காண இயலாது. ஆற்றின் இரு கரைகளையும் திறந்துவிட்டு நடுவிலிருந்த பாலத்தை மட்டும் அடைத்துவிட்டனர்.

இம்மறைவுக்குக் காரணம் மானம். தத்துச் சென்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் மணமாகாத மகளிர் ஈன்றவர். 1875 முதல், மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை பெயர் எழுத வேண்டுமாயின் தந்தையும் நேரில் வந்து தாயோடு சேர்ந்து வேண்ட வேண்டும் என்பது விதி. வந்தவர் சிலரே. ஆதலின் எண்ணற்ற சான்றுகளில் தந்தைக்குரிய கட்டம் வெறுமையாகவே உள்ளது. பள்ளியிலும் பணியிடத்திலும் அச்சான்றை நீட்டும்போது பிறப்பின் நிலை வெளிப்பட்டுவிடும். தத்துப் பதிவின் படியை நீட்டினாலும் அதே இடர்தான். இதனைத் தவிர்க்கவே, பெற்றோர் பெயர் இல்லாத குறுஞ்சான்று 1947இல் ஏற்படுத்தப்பட்டது. இரக்கத்தால் பிறந்த சீர்திருத்தம் எனினும், வரலாறு தேடுவோர்க்கு அக்குறுஞ்சான்றால் பயனில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ப்போர் தம் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை இட்டு விண்ணப்பிக்க இடமளித்தது. பிள்ளை யார் வீட்டுக்குச் சென்றது என்பதும் பெற்றவளுக்குத் தெரியாமற் போயிற்று.

நம் நாட்டுத் தத்துமுறையை நோக்க இது வியப்பளிக்கும். இங்கே பெற்றவர் கொடுக்க, வளர்ப்பவர் ஏற்பதே தத்தின் உயிர்நிலை. பெற்றவர் இன்னார் என்பது மறைபொருள் அன்று. 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டமும், பிறந்த குடும்பத்தில் மணக்கத் தகாதவரைத் தத்துக்குப் பின்னும் மணக்கலாகாது என்கிறது. பிறந்த குடியை நினைவில் வைத்திருந்தாலன்றி அவ்விதியைக் காக்க இயலாது.

பிரித்தானியாவுக்குள்ளேயே ஸ்காட்லாந்து வேறு வழி சென்றது. அங்கே 1930ஆம் ஆண்டுச் சட்டம் முதலே, பதினேழு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் மூலப் பிறப்புப் பதிவைக் காண முடிந்தது. அவ்வாறு பதிவைத் தேடி வந்தவர்களை ஆராய்ந்து ஜான் டிரைசிலியோடிஸ் எழுதிய நூல் 1973இல் வெளிவந்தது. பெற்றவர்களுக்குப் பெருந்தீங்கு நேரும் என்ற அச்சத்துக்கு அவ்வாய்வு இடம் தரவில்லை. 1975ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு அவ்வுரிமையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழங்கியது. எனினும் 1975 நவம்பர் 12க்கு முன் தத்துச் சென்றவர் முதலில் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தாக வேண்டும். மறைவு காக்கப்படும் என்று அக்காலத்துத் தாயரிடம் கூறப்பட்டிருந்தமையே காரணம். கொடுத்த வாக்கை அரசு பின்னாளில் மீறலாமா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் வாக்குறுதி தரப்பட்டபோது பிள்ளையின் இசைவை எவரும் கேட்கவில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

தாயரின் இசைவே எத்தகையது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமாகாத தாயரின் குழந்தைகள் ஏறத்தாழ 1,85,000 பேர் தத்துக் கொடுக்கப்பட்டனர் என நாடாளுமன்ற மனித உரிமைக் கூட்டுக்குழு 2022இல் மதிப்பிட்டது. குடும்பமும் நிறுவனங்களும் நெருக்கியதால் பிரிந்தவர் பலர் என்றும் பதிந்தது. 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்து அரசு அத்தாயரிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

இன்று மூலச்சான்று கையில் கிடைத்தவர் முதலில் நோக்குவது தாயின் பெயரை. அடுத்து, பிறந்த இடத்தின் முகவரியை. பல சான்றுகளில் அது மணமாகாத தாயர்க்கென நடத்தப்பட்ட இல்லத்தின் முகவரி. தாயின் தொழிலும் வாழ்விடமும் அதிலேயே கிடைக்கும். பின்னர்த் திருமண அட்டவணையில் அவள் பெயரை ஆண்டு ஆண்டாகத் தேடுவர். மணத்தால் குடும்பப்பெயர் மாறியிருக்கும் அல்லவா? 1991இல் நிறுவப்பட்ட தொடர்புப் பதிவேட்டில் பிள்ளையும் உறவினரும் தத்தம் பெயரைப் பதிந்து வைக்கலாம். இரு பெயரும் பொருந்தினால் பிள்ளைக்குச் செய்தி செல்லும்.

தத்துச் சென்றவர் தேடாமலே இறந்துவிட்டால் பேரன் பேத்தியர் நிலை அரிது. இணைப்புக் குறிப்பைப் பெறும் உரிமை தத்துச் சென்றவர்க்கே உரியது. வழித்தோன்றல்களுக்கு அது நேரே கிட்டாது. 2014 முதல் அவர்களும் இடையீட்டு அமைப்புகளின் வாயிலாக விண்ணப்பிக்கலாம். பாட்டனின் பழைய பெயரை அறிய, பாட்டனின் இறப்புச் சான்றையும் தம் பிறப்புச் சான்றையும் முன்வைத்து அவர்கள் காத்திருக்கின்றனர்.