நல்லதண்ணியின் கம்பளி: மலையகக் குளிருடை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு அப்பால் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள நல்லதண்ணி, தேயிலை மலைகளும் யாத்திரைக் கடைகளும் நெருங்கி நிற்கும் ஒரு சிற்றூராகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் இவ்வூரில் தொடங்கும் பாதை 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரத்தில் முடிகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், அடிவாரத்தில் போதுமாயிருக்கும் உடை உச்சியில் போதாமற் போகிறது. அயன மண்டல மலைகளில் மாதத்துக்கு மாதம் நிகழும் வெப்ப வேறுபாட்டைவிட ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடே பெரிது. மேகமற்ற தை, மாசி இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால், நுவரெலியாப் பகுதியில் சில வேளைகளில் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதும் உண்டு. ஆகவே இங்கே குளிருடை என்பது ஒரு பருவத்துக்கு எடுத்து அணிந்து மறு பருவத்தில் மடித்து வைக்கும் பொருளன்று. வெயிலில் சுமந்து திரியவும் இருட்டியதும் போர்த்திக்கொள்ளவும் வேண்டிய பொருளாகும்.

உடலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் அசையாக் காற்றைத் தேக்கி வைத்து, உடல் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் உடுப்பைக் காப்படுக்கு எனலாம். வெம்மையைக் காப்பது பெரும்பாலும் நூலன்று, நூல்களுக்கிடையில் சிறைப்பட்ட காற்றே; அந்த இடைவெளியில் நீர் புகுந்தாலோ, ஊடாகக் காற்று வீசினாலோ காப்பு குன்றிவிடுகிறது. தென்மேல் பருவமழையை நேரே ஏற்கும் மேற்குச் சரிவில் இருப்பதால் நல்லதண்ணியில் மழையும் மூடுபனியும் மிகுதி. மேலே ஏறியவர்களுக்குச் சிகரத்துக் காற்றும் வந்து சேர்கிறது. பாரம் குறைவாக இருத்தல், ஈரத்திலும் வெம்மை தருதல், காற்றைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் ஒரே துணியில் பெறுவது எளிதன்று என்பதால், இவ்வூரின் குளிருடை வரலாறு இவற்றுள் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இம்மலை யாத்திரைத் தலமாக இருந்தது. சைவர் சிவனது பாதமென்றும், பௌத்தர் புத்தரது பாதமென்றும், இஸ்லாமியர் ஆதமது பாதமென்றும் போற்றும் சுவடு அதன் உச்சியில் உள்ளது. 1344 ஆம் ஆண்டில் இங்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, செங்குத்தான இடங்களில் ஏறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில், உதயத்தை உச்சியில் காணும் பொருட்டு மக்கள் இரவிலேயே ஏறுகின்றனர். வழியிலுள்ள அம்பலங்கள், அதாவது இளைப்பாறுவதற்கான கூரையிட்ட தங்குமிடங்கள், குளிர்காப்புக்கும் உதவின. உடுப்பால் இயலாததைக் கூரையும் நெருப்பும் பலரது உடல் நெருக்கமும் ஈடு செய்தன. பாதையில் இந்திகட்டுபான என்னும் இடத்தில் யாத்திரிகர் ஊசி நூலைக் காணிக்கையாக்கி நூலை நீள விரித்துச் செல்வர். புத்தர் தம் கிழிந்த சீவர ஆடையைத் தைப்பதற்காக அங்கே தங்கினார் என்னும் ஐதிகம் அவ்வழக்கத்துக்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் நிலையாக வாழ நேர்ந்தவர்களோ யாத்திரிகர் அல்லர். முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டதையும் 1869 இல் கோப்பி இலைநோய் வெளிப்பட்டதையும் தொடர்ந்து பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். தொடக்க காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே மாத்தளை வரை நடந்தே வந்தனர். இருப்புப்பாதை 1884 இல்தான் ஹட்டனை எட்டியது. வெப்பச் சமவெளிக்கு ஏற்ற பருத்தி வேட்டியும் சேலையுமே அவர்களிடம் இருந்த உடைகள். பருத்தி நீரை எளிதில் ஏற்றுத் தாமதமாக உலர்வதோடு, நனைந்த நிலையில் உடல் வெப்பத்தையும் விரைவாக வெளியேற்றுவதால், வழிநடையில் நலமாயிருந்த அதே துணி மலையின் மழையிலும் பனியிலும் தீங்காக மாறியது. அந்த இடைவெளியை நிரப்பியது தோட்ட நிர்வாகம் வழங்கிய கம்பளியாகும். தோட்டத் துரைமார் தம் ஆங்கிலக் குறிப்புகளிலும் அதே தமிழ்ப் பெயரைத் திரித்து எழுதிவந்தமை, அப்பொருள் தோட்ட நிர்வாகத்தின் அன்றாடத்தில் எவ்வளவு கலந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

தென்னிந்தியாவில் கம்பளி நெய்தல் பழமையான தொழில். தக்காணப் பீடபூமியில் ஆடு மேய்க்கும் குறும்பர் முதலிய சமூகத்தார், கரடுமுரடான கறுப்பு ஆட்டுமயிரைக் கையால் நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசையால் விறைப்பேற்றிக் கம்பளி ஆக்கினர். மழைக்காலத்தில் அதை ஒரு முனையில் மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிடும் கொங்காணி முறை தமிழகத்து மேய்ப்பரும் உழவரும் அறிந்ததே. ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிய பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். இழையின் இயல்பான சுருள் காற்றைத் தேக்குகிறது; பசையேறிய நெருக்கமான நெசவு காற்றைத் தடுக்கிறது. மேற்கூறிய மூன்று தேவைகளில் இரண்டை இவ்வாறு நிறைவேற்றிய கம்பளி, எஞ்சிய பாரக்குறைவில் தோற்றது. நாள் முழுதும் மழையில் நனைந்த கம்பளியின் பாரத்தைக் கழுத்தும் தோளும் தாங்கவேண்டியிருந்தது. அதை உலர்த்த வெயிலோ, லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பில் இடமோ போதவில்லை.

அத்தனை பாரமிருந்தும் அது நிலைத்தமைக்குக் காரணம், ஒரே துணி பல துணிகளின் வேலையைச் செய்ததேயாகும். விடியலில் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அதைப் போர்த்திச் சென்றனர். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைத் தலையில் மடித்திட்டு, கூடைக் கயிறு நெற்றியை அறுக்காதபடி மெத்தையாகவும், முதுகில் கூடை உராயாதபடி தடுப்பாகவும் பயன்படுத்தினர். இடுப்பில் படங்கு என்னும் முரட்டு விரிப்பைச் சுற்றி, பனிநீர் சொட்டும் செடிகளிலிருந்து உடலின் கீழ்ப்பாதியைக் காத்தனர். இரவில், லயக்காம்பராவின் சிமெந்து அல்லது மண் தரையில், அதே கம்பளி பாயாகவும் போர்வையாகவும் மாறியது. பகலில் ஈரம் ஏற்ற துணியையே இரவில் போர்த்தும் நிலை, நெருக்கமும் புகையும் நிறைந்த சிற்றறைகளில் உடல்நலத்துக்கு உகந்ததாக இருந்திருக்க முடியாது.

கம்பளிக்கு விலையும் இருந்தது. அது பெரும்பாலும் நன்கொடையாக அன்றி முற்பணமாகவே வழங்கப்பட்டு, அரிசியோடும் பயணச் செலவோடும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறியது. ஆட்களைச் சேர்த்து வந்து மேற்பார்த்த கங்காணியின் கையில் இக்கணக்கு சிக்கியிருந்த காலத்தில், கடன் தீராமல் தோட்டம் மாற இயலாது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்து, அதைக் கொடுத்துத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவரை விடுவிக்க இசையும் சீட்டான துண்டு, 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இம்முறையின் கருவியாக இருந்தது. இக்கடனைத் தீர்க்க வேண்டிய கூலியைப் பொறுத்தவரை, 1927 இன் சட்டத்தைத் தொடர்ந்து 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. தாழ்நிலத்தில் அது முறையே 50, 40, 30 சதமாக இருந்தது. குளிர்மலையில் வாழ்வோருக்குக் கம்பளி விருப்பப் பொருளன்று, வேலைக் கருவி என்பதை எண்ணும்போது, அக்கருவியின் விலையைத் தொழிலாளியே சுமந்தமை இவ்வரலாற்றின் மறக்கத்தகாத உண்மையாகும்.

இதே காலத்தில் உலகின் வேறிடங்களில் இலேசான குளிருடைக்கான தேடல் தொடங்கியது. 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜோர்ஜ் பிஞ்ச், பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை நிரப்பித் தைத்த மேலங்கியை அணிந்தார். மிகக் குறைந்த எடையில் மிகுந்த காற்றைத் தேக்கும் மென்தூவி, நனைந்தவுடன் கட்டிபட்டுக் காப்பை இழப்பது அதன் குறை. 1979 இல் அமெரிக்காவின் மோல்டன் மில்ஸ் ஆலை, பொலியெஸ்டர் நூலைப் பின்னி, அதன் இழைகளைப் பஞ்சுபோல் எழுப்பிய பிளீஸ் துணியை உருவாக்கியது. நீரை ஏறக்குறைய உறிஞ்சாமல் விரைந்து உலரும் அத்துணி, காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. 1980களில், ஈரத்திலும் உப்பல் குன்றாத செயற்கைத் தூவி அமெரிக்கப் படையினருக்கென ஆக்கப்பட்டது. 1977 இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் வளர்ந்த இலங்கையில், மலையக இளைஞரும் யுவதியரும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். கம்பளி போர்த்திய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பிற நாட்டார் அணியும் உடைகளைத் தைக்கலாயினர்.

இன்று நல்லதண்ணிக்கு வருவோர் யாத்திரிகர் மட்டுமல்லர். முதுகுப் பையோடு மலை நடக்கும் பயணியரும் வருகின்றனர். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதை, பழைய தோட்டச் சாலைகளையே பெரிதும் பின்பற்றி 22 பகுதிகளாக அமைந்துள்ளது. இத்தகையோருக்கு மேற்கண்ட வரலாறு தெளிவான பாடம் தருகிறது. நனையும் மலையில் உலர்ந்த நிலையின் வெம்மையை மட்டும் பார்த்து உடையைத் தெரிவு செய்யலாகாது. வியர்வை வாங்கி உலரும் மெல்லிய உள்ளுடை, அதன்மேல் பிளீஸ் அல்லது செயற்கைத் தூவிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய அங்கி எனப் பிரித்து அணிவது, கம்பளி ஒருங்கே சுமந்த வேலைகளைப் பாரமின்றிப் பகிர்ந்தளிக்கிறது. படி ஏறும்போது உடல் தானே சூடேறுவதால், காப்படுக்கைப் பையில் உலர்வாக வைத்திருந்து, உச்சியில் உதயத்துக்காகக் காத்திருக்கும் வேளையில் அணிவதே முறையாகும்.

கம்பளையை அண்டிய தோட்டமொன்றின் லயக்காம்பராக்களில் அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், அம்மக்களின் அன்றாடப் பொருட்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை உணர்த்துகிறது. அவ்வகைச் சான்றுகளுள் கம்பளிக்கு முதன்மையான இடமுண்டு. ஆயினும் காட்சிப்பொருளாக அதைக் காப்பதோடு கடமை முடிந்துவிடாது. பயணிக்கு இலேசான, ஈரம் தாங்கும் குளிருடை கிடைக்கின்ற இக்காலத்தில், அதே மூடுபனியில் நாள்தோறும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அத்தகைய உடை வேலைக் கருவியாக, கூலியில் பிடித்தம் இன்றி, தோட்ட நிர்வாகங்களால் வழங்கப்பட வேண்டும்.